முள்மரத்துச் சொட்டும் வெள்ளை மாத்திரையும்

மாமா,

நேற்று உங்கள் பேத்தி எனக்கென்று வந்த பார்சலைப் பிரித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். மேலே கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம், பக்கத்தில் ஒரு இதயத்தின் படம். "ஹாதார்ன்னு பேரும்மா. குளிர் நாட்டுல வளர்ற முள்மரத்துப் பழம். இதயத்துக்கு நல்லதாம். மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது" என்றாள். எனக்கும் இப்போது இதயத்துக்கு மாத்திரை நடக்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்த வயதை நான் தாண்டி எட்டு வருடம் ஆகிவிட்டது.

அந்தப் பெயரை நான் மறந்ததில்லை. மூடியைத் திறக்கவில்லை. "முதல்ல டாக்டர்கிட்ட காட்டிக் கேட்டுக்கினு வா, அப்புறம் பாக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்தேன். "நீ இன்னாம்மா, எல்லாத்துக்கும் பயப்படுற" என்று சிரித்துவிட்டுப் போனாள். அவளிடம் சொல்ல வாய் வராததை உங்களுக்கு எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நாம் பொன்னேரியில் இருந்தோம். நீங்கள் அரிசி ஆலையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அத்தை இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. உங்கள் மகன் விடியலில் ரயில் ஏறித் திருவொற்றியூர் கம்பெனிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பகல் முழுவதும் வீட்டில் நானும் கைக்குழந்தையும்தான். மதியச் சாப்பாட்டுக்கு நீங்கள் வருவீர்கள். ஆலையிலிருந்து வீடு கூப்பிடு தூரம். அந்தத் தூரத்தை நடக்க நீங்கள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தபோதும், கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனபோதும்தான் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். சின்னதாய் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். வாரத்தில் ஐந்து நாள் ஒவ்வொன்று. சனி, ஞாயிறு மாத்திரைக்கு லீவு. நான் ஒன்பதாவது வரை படித்தவள் என்று தெரிந்ததும் அந்த டாக்டர் என் விரலைப் பிடித்து உங்கள் மணிக்கட்டில் வைத்து நாடி எண்ணக் கற்றுக் கொடுத்தார். "தினமும் எண்ணிட்டுத்தான் குடுக்கணும். அறுபதுக்குக் கீழ இருந்தா அன்னைக்கு மாத்திரை கூடாது. இது நல்ல மருந்து, ஆனா கொஞ்சம் கூடிப்போனாலும் ஆபத்தான மருந்து." ஆபத்து என்ற சொல் அன்றைக்கு எனக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. மறுநாளிலிருந்து காலையில் அலாரம் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் கையைப் பிடிப்பேன். எண்ணும்போது என் சொந்த நெஞ்சு அடித்துக்கொள்வது குறுக்கே வரும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். "இன்னாம்மா, கீறனா போயிட்டனா?" என்று கேலி செய்வீர்கள்.

ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒருநாள் மதியம் சோறு போடும்போது உங்கள் வாயிலிருந்து ஸ்பிரிட் வாடை வந்தது. சாராயக் கடைகளை மறுபடி மூடியிருந்த சமயம் அது. கள்ளத்தனமாக எங்கோ குடிக்கிறீர்கள் என்று நினைத்தேன். மாமனாரிடம் மருமகள் எப்படிக் கேட்பாள்? உங்கள் மகனிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் சண்டை வரும், சண்டை வந்தால் உங்கள் நெஞ்சு தாங்காது. இப்படியே மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வாரத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை நீங்கள் இட்லியைத் தொடவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தீர்கள். கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "செவுரு ஏம்மா மஞ்சளா கீது? மஞ்சத்தண்ணி ஊத்தின மாதிரி" என்றீர்கள். சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது. கையைப் பிடித்தேன். நாற்பத்திரண்டு. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். நாற்பது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியில் நான் எத்தனை தெய்வங்களைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

ஆலைக்கு ஓடினேன். மெட்ராஸுக்கு அரிசி மூட்டை ஏற்றி ஒரு லாரி நின்றிருந்தது. டிரைவர் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, முன்சீட்டில் உங்களை நடுவில் உட்கார வைத்துத் தோளோடு அணைத்துக்கொண்டேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. உங்கள் தலை என் தோளில் சாய்ந்தது. "அண்ணே, மாமா பேச மாட்டேங்கறாரே" என்று நான் கத்த, டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ரயிலுக்கு ஹாரன் அடித்து என்ன ஆகும்? அவருக்கும் பயம், வேறு என்ன செய்வார்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். ஒரு பெண் டாக்டர் உங்களிடம் குனிந்து, "இந்த மாத்திரையைத் தவிர வேற எதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "ஒண்ணும் இல்லீங்க."

உங்கள் சட்டையையும் வேட்டியையும் மாற்றி நர்ஸ் என் கையில் சுருட்டிக் கொடுத்தார். சட்டைப் பையில் என்னவோ கடினமாக இருந்தது. எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் அளவு கண்ணாடி பாட்டில், பாதி காலி. மூடியைத் திறந்ததும் அதே ஸ்பிரிட் வாடை. லேபிளில் இங்கிலீஷில் ஏதோ நீளமான பெயர். கட்டிலில் இருந்து நீங்கள் என்னைப் பார்த்துவிட்டீர்கள். கையை மட்டும் மெல்லத் தூக்கிக் கூப்பிட்டீர்கள்.

"சொல்லிடாதம்மா. போஸ்ட் சார் குட்த்தாரு. போலீஸு கேஸுன்னு ஆயிடப் போவுது. அவரு பாவம்."

போஸ்ட் சார் என்பது தபால் ஆபீசில் வேலை பார்த்த உங்கள் சிநேகிதர். புத்தகம் பார்த்து ஹோமியோபதி மருந்து கொடுப்பவர். யாரிடமும் காசு வாங்காதவர். அவரை மாட்டிவிடவா? நீங்கள் என் கையைப் பிடித்திருந்த பிடி அவ்வளவு பலவீனமாக இருந்தது. அதுதான் என்னை முடிவு செய்ய வைத்தது. உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, பாட்டிலைக் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தேன்.

அவர் தன் பெரிய டாக்டரைக் கூட்டி வந்தார். பெரியவர் லேபிளைப் படித்துவிட்டு உங்கள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது ஸ்பிரிட்ல எடுத்த ஒரு முள்மரத்துச் சாறு. ஹாதார்ன்னு சொல்வாங்க. வெளிநாட்டுல இதயத்துக்குக் குடுக்கறதுதான், விஷம் இல்ல. எத்தனை சொட்டு சாப்பிட்டீங்க?"

"பத்து சொன்னாரு. நல்லா கீதேன்னு இருபது வுட்டேன்."

"நாங்க குடுத்த மாத்திரை எத்தனை?"

நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "சொல்லுங்க மாமா" என்றேன். அப்போதுதான் அது வெளியே வந்தது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் தனியாக வாங்கி, சனி ஞாயிறும் போட்டிருக்கிறீர்கள். சில நாள் நான் கொடுத்தது போக இன்னொன்றும்.

"ஏன்யா?" என்றார் டாக்டர்.

"பயம் சார். லீவு நாள்ல நெஞ்சு நின்னுடுமோன்னு பயம். ஒண்ணு வுட்டா இன்னொண்ணு புட்சிக்கும்னு நெனச்சேன்."

தினமும் கேலி செய்துகொண்டு கையை நீட்டியவர், என்னைவிடப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

டாக்டர் கோபப்படவில்லை. என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "மாத்திரை கூடிப்போனதுதான் முக்கியக் காரணம்னு நினைக்கிறேன். இந்தச் சொட்டுக்கு அதுல எவ்வளவு பங்குன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. ரெண்டுமே இதயத்துல வேலை செய்யற மருந்து. சேர்ந்தா இந்தச் சொட்டு மாத்திரையோட வேகத்தைக் கூட்டிவிடலாம். நீ பாட்டிலைக் காட்டலன்னா எனக்கு மாத்திரைக் கணக்கும் தெரிஞ்சிருக்காது."

மூன்றாம் நாள் போஸ்ட் சார் வந்தார். உள்ளே வராமல் ஆஸ்பத்திரி கேட்டிலேயே நின்றிருந்தார். நான் போய்க் கூப்பிட்டேன். "இங்க மாத்திரை சாப்புட்றாருன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலம்மா. நானும் கேக்கல. கேட்டிருக்கணும்." போலீஸும் வரவில்லை, கேஸும் இல்லை. ஆனால் அதன்பிறகு அவர் யாருக்கும் மருந்து கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

பதினோராம் நாள் வீடு திரும்பினோம். நீங்கள் என்னோடு பேசவில்லை. சொல்லாதே என்றதைச் சொன்னவள் நான். ஒரு மாதத்துக்கு மேல் சோறு, தண்ணீர், ஊஹும், அவ்வளவுதான். நான் நாடி எண்ண வந்தால் கையைக் கொடுப்பீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றீர்கள். "இன்னிக்கு மாத்திர கெடையாதில்ல?" என்றீர்கள். "இல்ல மாமா." "பயமா கீதும்மா." "எனக்கும்தான் மாமா." அதற்கப்புறம் நாம் பழையபடி பேச ஆரம்பித்தோம்.

மேலும் இரண்டரை வருடம் இருந்தீர்கள். ஒரு மத்தியானம் ஆலையில் மூட்டை மேல் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். கூடத்தில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். மாமா, இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் அழவில்லை. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சட்டைப் பைகள், தலையணை உறை, காலண்டருக்குப் பின்பக்கம், பரண் மேல் இருந்த பழைய டப்பாக்கள் எல்லாவற்றையும் தேடினேன். இன்னொரு பாட்டில் கிடைத்துவிடுமோ என்று பயம். நான் கேட்காமல் விட்ட எதுவோ ஒன்று மறுபடி இருந்திருக்குமோ என்று.

ஒன்றும் இல்லை. நான் கொடுத்ததை மட்டும்தான் சாப்பிட்டிருந்தீர்கள்.

நீங்கள் கூடத்தில் கிடக்கும்போது நான் உங்களைச் சந்தேகப்பட்டுச் சோதனை போட்டேன். அந்த வெட்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒன்றும் கிடைக்காத அந்த நிமிடத்தின் நிம்மதியும் இருக்கிறது. இரண்டையும் என்னால் தனித்தனியாகப் பிரிக்க முடிந்ததில்லை.

உங்கள் மருமகள்