இருபத்து மூன்று பேரின் முன்பதிவு

அம்மாவுக்கு வணக்கம்.

என் வேலைக்கு ஆபத்தில்லை என்று மேலாளரே இன்று காலை சொல்லிவிட்டார். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

செவ்வாயன்று, ஓர் ஆஸ்பத்திரிக்காக நான் உருவாக்கிய முன்பதிவு இணையதளத்தின், சோதனைக்கு வைத்திருந்த ஒத்திகை நகலை கிளவுட் சர்வரிலிருந்து நீக்கப் போய், அசலையே நீக்கிவிட்டேன். திரையில் இரண்டும் அருகருகே திறந்திருந்தன.

“குப்பையக் கொட்டச் சொன்னா வீட்டையே கொட்டிட்டு வந்து நிக்கிறியேப்பா!” என்றார் மேலாளர்.

திங்கட்கிழமை இரவு எடுத்து வைத்திருந்த பிரதியைக் கொண்டு ஒரு மணி நேரத்தில் தளத்தை மீட்டேன். செவ்வாய் காலையில் சனிக்கிழமைக்குப் பதிந்திருந்த இருபத்து மூன்று பேரின் விவரம் மட்டும் வரவில்லை.

அக்காவிடம் சொல்லி நாலு சட்டைப் பொத்தான் அனுப்புங்கள். சமைக்கும்போது என்னை அழைத்து, போனை அடுப்பு மேடையில் வையுங்கள். பேச வேண்டாம், சத்தம் கேட்டால் போதும்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். அந்த விவரம் கிடைக்குமா என்று சர்வர் கம்பெனி வெள்ளிக்கிழமை சொல்லும். கிடைக்காவிட்டால், சனிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்த இருபத்து மூன்று பேரையும் பெயர் கேட்டு நானே பதிந்து உள்ளே அனுப்புவேன்.