பிரேக்கைப் பற்றி மட்டும்

மார்ச் 4
வெள்ளைச்சட்டை இன்னொரு குடியிருப்பையும் தட்டிக்கொண்டு போய்விட்டார். லிஃப்ட் பராமரிப்புக்கு இந்த ஊரில் என்னை விட்டால் அவர்தான். கறைபடாத சட்டையோடு வந்து, நான் சொன்ன விலைக்குக் கொஞ்சம் கீழே சொல்வார். வயிறு எரிகிறது.

மார்ச் 9
லிஃப்டை நழுவாமல் பிடித்து நிறுத்தப் புதிதாக வாங்கிய பிரேக் லைனிங் பட்டையைக் கழற்றிப் பார்த்தேன். பிஸ்கட் மாதிரி உதிர்கிறது! நல்லவேளை, இரண்டு லிஃப்டில்தான் போட்டிருந்தேன், நிறுத்தியாயிற்று. விற்றவன் போனை எடுக்கவில்லை. வெள்ளைச்சட்டையும் இதையே மொத்தமாக வாங்கியதாக அன்றைக்குப் பீற்றிக்கொண்டாரே.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவன் மாட்டினா உனக்கென்ன? தானா வர்ற சான்ஸ்" என்றார். அப்புறம் அவருக்கே சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 10
வெள்ளைச்சட்டைக்குப் போன் செய்து, லைனிங் உதிர்வதைச் சொன்னேன். "என் கஸ்டமரைப் பிடிக்க இது புது வழியா மேடம்?" வைத்துவிட்டார்.

போகட்டும். சொல்லியாச்சு. என் வேலை முடிஞ்சுது. முடிஞ்சுதா? அந்த லிஃப்டுல குழந்தைங்க ஏறுமே—

மார்ச் 11
உதிர்ந்ததைப் பையில் அள்ளிக்கொண்டு போய் அவர் மேசைமேலேயே கொட்டினேன். விரலால் நசுக்கிப் பார்த்தார். உடனே எல்லா லிஃப்டையும் நிறுத்தச் சொன்னார். "மாத்த எங்கிட்ட ஆள் பத்தாது. உங்க மெக்கானிக்குங்களை அனுப்புவீங்களா?"

அனுப்பினேன். நானும் போனேன்.

மார்ச் 15
எல்லாம் மாற்றியாயிற்று. காதுக்குள்கூட கிரீஸ்.

மார்ச் 22
டீ குடிக்க வந்தார். கெட்ட சரக்கு யார் கண்ணில் பட்டாலும் மற்றவருக்குச் சொல்வது என்று பேசிக்கொண்டோம். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆஸ்பத்திரி லிஃப்ட் டெண்டரை நீங்க எடுத்துக்குங்க. நான் விலையைக் கூட்டிப் போடறேன். அடுத்தது எனக்கு. ரெண்டு பேருக்கும் ஏன் கையைக் கடிக்கணும்?" என்றார்.

தூக்கிவாரிப்போட்டது. ஆசையும் வந்தது, பொய் சொல்வானேன்.

"பிரேக்கைப் பத்திப் பேசுவோம் சார். விலையைப் பத்தி வேணாம்."

பாதி டீயோடு எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 6
ஆஸ்பத்திரி அவருக்கு. நேர் வழியில்தான் ஜெயித்திருக்கிறார். அதனால் திட்டவும் முடியவில்லை. மனசு கேட்கிறது: கையில வந்ததை வேணாம்னுட்டியே, உனக்கென்ன பைத்தியமா?

ஏப்ரல் 7
தூக்கமே இல்லை.

மே 19
மூட்டுவலிக்குக் காட்ட அம்மாவை அந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். லிஃப்ட் கதவில் அவர் கம்பெனி ஸ்டிக்கர். அம்மா ஏறாமல் நின்றாள். "இது நீ பாக்கற லிஃப்டாடி?"

"இல்லம்மா. தைரியமா ஏறு."