ஏழாவது தூண்டில் கம்பு

மாப்ள,

இன்று காலையில் காப்பித் தம்ளரை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே கீழே வைத்துவிட்டேன். வார்னிஷ் வாசனை. பீரோவுக்கு அடிக்கிற வார்னிஷ் இல்லை இது; கொஞ்சம் தேன் மாதிரி, கொஞ்சம் பழைய புத்தகம் மாதிரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முகர்ந்தது. மூக்கு மறக்கவில்லை.

வாசலில் மூணாறு எஸ்டேட் கணக்கப்பிள்ளை நின்றார். நான் கண்டக்டராக ஓடுகிற மதுரை–போடி வண்டியில் அப்போதெல்லாம் மாதம் ஒரு தடவை ஏறுவாரே, அவரேதான். தலை முழுக்க வெளுத்துவிட்டது. கையில் நீளமான பச்சைக் கித்தான் உறை. அதன் கயிற்றை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே மூங்கில் நிறத்தில் ஒரே நீளக் கழி. துரைமார் மலை ஓடையில் டிரவுட் மீன் பிடிக்க வைத்திருந்த கம்பு. முள்ளில் புழுவைக் குத்தாமல், இறகில் செய்த ஈயைக் கட்டி வீசுகிற கம்பு. நீ வாங்கிய கம்பின் கூடப்பிறந்தது என்றே சொல்லலாம்.

“ஒங்க சினேகிதர் சொல்லி வச்சிருந்தாருல்ல, இதே மாதிரி இன்னொண்ணு வேணும்னு. கெடைக்க இம்புட்டு நாளாயிப் போச்சு. நான் வெல பேச வரல. வேணுமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க. வேண்டாம்னா போடியில ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு,” என்றார்.

“எப்பச் சொன்னான்?” என்று கேட்டேன்.

“மொதக் கம்பு வாங்கி ரெண்டு மூணு மாசம் இருக்கும்.”

மகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும், சாயங்காலம் ஐந்து மணிக்கு வருகிறேன் என்று கம்பை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இரண்டு மூன்று மாதம் என்றால், உன் கம்பு ஒன்றுமில்லாமல் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். அது உனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கையில் ஒன்று இருக்கிறது என்று நம்பியவன் எதற்காக இன்னொன்றுக்குச் சொல்லி வைத்தாய்?

கேட்க ஆளில்லை. அதனால்தான் எழுதுகிறேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. டிக்கெட் கிழித்த கை.

உன்னை முதலில் நான் பைத்தியம் என்றுதான் முடிவு செய்தேன். உசிலம்பட்டிச் சந்தைக்குச் சுங்குடிச் சேலை மூட்டையோடு ஏறுவாய். டிக்கெட் உசிலம்பட்டிக்கு எடுப்பாய். செக்கானூரணி தாண்டி ஏதாவது கண்மாயில் தண்ணீர் பளபளத்தால் போதும், விசில் அடிக்கச் சொல்லி இறங்கிவிடுவாய். “மிச்ச தூரத்துக்கு?” என்று ஒரு தடவை கேட்டேன். “அத எனக்காக நீங்க போயிட்டு வாங்கண்ணே,” என்றாய். வண்டியே சிரித்தது. அண்ணே மாப்ளயாக மாற மூன்று சந்தைகூட ஆகவில்லை.

மூட்டைக்குள் சேலைக்கு நடுவில் நீ ஒரு தூண்டில் கம்பை ஒளித்துக்கொண்டு வருவது அப்புறம்தான் தெரிந்தது. உங்கள் வீடு முட்டைகூட வேகாத வீடு. சாயப்பட்டறைக்காரர் மகன் மீன் பிடிக்கிறான் என்று தெரிந்தால் உன் அம்மா தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார் என்பாய். பிடித்த மீனை ஒரு நிமிஷம் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாய், தண்ணீரிலேயே விட்டுவிடுவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “எதுக்குடா பிடிக்கிற அப்ப?” என்றால், “உள்ள யாரு இருக்கான்னு தெரிய வேண்டாமா மாப்ள?” என்பாய். நல்ல விரால் ஒன்றை நீ அப்படி விட்டபோது இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை.

கம்புகளை உன் வீட்டில் வைக்க முடியாது. அதனால் எல்லாம் வில்லாபுரத்தில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் நீ ஊர்ப் பெயர் வைத்திருந்தாய். வாடிப்பட்டிக் கம்பு, நுனி மட்டும் நாணல். உசிலம்பட்டிக் கம்பு, என் அப்பா வெட்டிக் கொடுத்தது. இப்படி ஆறு சேர்ந்துவிட்டன. “அந்த அண்ணன் கம்புக்கெல்லாம் நம்ம வீடுதானா குடோனு?” என்று என் வீட்டுக்காரி கேட்பாள். ஆனால் நீ வந்தால் அவளே முதலில் எடுத்துத் துடைத்து வைப்பாள். ஆறோடு போதும், இனிமேல் ஒரு கம்பு வாங்கினால் என்னைச் செருப்பால் அடி என்று நீயே சொல்லியிருந்தாய்.

அப்போதுதான் கணக்கப்பிள்ளை அந்தத் துரைக் கம்பை வண்டியில் கொண்டுவந்தார். உனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மூன்று வாரம் நீ பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்? வேண்டும் என்பாய், அடுத்த ஸ்டாப்பில் வேண்டாம் என்பாய். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், வருகிறவளிடம் எதை மறைப்பது என்பாய். நம்ம கண்மாயில் டிரவுட் ஏது என்று நான் சொன்னால், “விராலுக்கு ஈ பிடிக்காதுன்னு விரால் சொல்லுச்சா?” என்பாய். ஆறு மெல்லிய மூங்கில் பட்டைகளை முக்கோணமாகச் சீவி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கம்பாக ஆக்கியிருந்தார்கள். ஒட்டு எங்கே என்று நகத்தால் தேடித் தேடிப் பார்த்தாய், கிடைக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்தாய். “எடு மாப்ள. வச்சுப் பாத்துக்க நான் இருக்கேன்,” என்று சொன்னது நான். வாங்கச் சொன்னதும் நான், பார்த்துக்கொள்கிறேன் என்றதும் நான்.

அது ஐப்பசி. அடைமழை. ஊரெல்லாம் ஈரம். எங்கள் பக்கத்தில் மூங்கில் வீட்டுக்கு வந்தால் முதல் வேலை, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவது. புகை பட்ட மூங்கிலை வண்டு துளைக்காது. ஏணியானாலும் தூண்டிலானாலும் அப்படித்தான். உன் ஆறு கம்பும் அங்கேதான் இருந்தன, ஒன்றும் ஆகவில்லை. ஏழாவதையும் அதே இடத்தில், மற்றதைவிடக் கொஞ்சம் கீழே இறக்கியே கட்டினேன். விலை உயர்ந்த சாமான், புகை நன்றாகப் படட்டும் என்ற நல்ல எண்ணம்.

பத்து நாள் கழித்துக் கீழே எடுத்தேன். கையில் வந்தது கம்பு இல்லை. ஆறு பட்டையும் தனித்தனியாக விலகி, விளக்குமாறு மாதிரி விரிந்துவிட்டது. கம்பைச் சுற்றியிருந்த பட்டுநூல் கட்டுகள் அவிழ்ந்து அடுப்புச் சாம்பலில் கிடந்தன. அவனியாபுரத்தில் ஒரு ஆசாரியிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். “வஜ்ஜிரப் பசையில ஒட்டுனதுண்ணே. சூடு பட்டா விட்ரும். இனி ஒட்டலாம், ஆனா நேரா நிக்காது,” என்று சொல்லிவிட்டார். மூங்கிலைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று இருந்தவன் நான். நடு ரோட்டில் நின்று அழுதேன். அதைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். “அவன் கேட்டா நீ ஒண்ணும் சொல்லாத, நானே சொல்லிக்கிறேன்,” என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

மாப்ள, அந்த வாரமே சொல்லியிருக்கலாம். நீ மொட்டைமாடியில் நூல் காயப்போடுகிற கழியில் சரட்டைக் கட்டி வீசிப் பழகிக்கொண்டிருந்தாய். காக்கா விரட்டுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். வண்டியில் ஏறியதும் மணிக்கட்டை மடக்கி வீசிக் காட்டுவாய். “வர்ற லீவுக்குப் போறோம்ல?” என்பாய். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கண்மாயைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள், காவல்காரன் நிற்கிறான் என்றேன். அடுத்த வாரம் எனக்கு டபுள் டூட்டி என்றேன். அதற்கடுத்த வாரம் மச்சினன் வந்திருக்கிறான், வீட்டில் இடமில்லை என்றேன். இல்லாத மச்சினனுக்குக் காய்ச்சல்கூட வரவைத்தேன். உன் மூட்டை வண்டிக்குள் வருவதைப் பார்த்தாலே டிக்கெட் கிழிக்கிற சாக்கில் முன்படிக்குப் போய்விடுவேன். ஒரு தடவை டூட்டியை மாற்றிக்கொண்டு கம்பம் வண்டிக்கே போய்விட்டேன்.

அப்புறம் நீ லீவைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாய். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. என்ன மனுஷன் நான்!

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு நாள் கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? “கம்பு எப்படி இருக்கு மாப்ள?”

“அதுக்கென்ன, ராசா மாதிரி இருக்கு.”

நீ டீயை ஆற்றிக்கொண்டே என்னை ரொம்ப நேரம் பார்த்தாய். “ராசாவப் பாத்து ரொம்ப நாளாச்சு,” என்றாய். பிறகு, “சரி, வேற என்ன சேதி?” என்றாய்.

“ஒண்ணுமில்ல மாப்ள.”

அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் இறங்கும்போது அதைக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவாய். வேற என்ன சேதி? படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, டிரைவர் ஆரன் அடித்தாலும் நகராமல் நிற்பாய். நான் விசிலை வாயில் வைத்துக்கொள்வேன். விசில் வாயில் இருந்தால் பதில் சொல்ல வேண்டாம் அல்லவா?

தை பிறந்ததும் உனக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக்கு நான் வந்த அன்று சொல்லியே தீர்வது என்றுதான் வந்தேன். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உன் அம்மா உட்கார்ந்திருந்தார். கம்பு என்ற பேச்சை எடுத்தால் உன் குட்டு உடையும். அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் மழையைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் பேசினேன். அப்புறம் அம்மா வெந்நீர் வாங்கச் செம்போடு எழுந்து போனார். ஐந்து நிமிஷம் நாம் இரண்டு பேர் மட்டும். கண்ணெல்லாம் மஞ்சளாக நீ சிரித்தாய்.

“வேற என்ன சேதி மாப்ள?”

“செக்கானூரணிக் கண்மாய் நெறஞ்சிருச்சு,” என்றேன்.

நீ கண்ணை மூடித் தலையை ஆட்டினாய். அம்மா செம்போடு வந்துவிட்டார். நான்காம் நாள் நீ போய்விட்டாய்.

ஆறு கம்பையும் உன் வீட்டில் கொடுக்க வழியில்லை. அவர்களைப் பொறுத்தவரை அப்படி ஒரு சங்கதியே கிடையாது. அதனால் நானே வைத்துக்கொண்டேன். கூடவே அந்தச் சாக்குச் சுருளும் இருக்கிறது. இப்போது எட்டாவதாக இது. மேசை மேல் கிடக்கிறது. காலையிலிருந்து இதைத் தொடவில்லை. எடுத்து வைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒன்றைப் பார்த்துக்கொண்ட லட்சணம் போதாதா? போடிக்காரரே கொண்டுபோகட்டும் என்று மத்தியானம் முடிவு செய்தேன். மூன்று மணிக்கு, நீ ஆசையாகச் சொல்லி வைத்ததை எப்படி விடுவது என்று மாறினேன். நான்கு மணிக்கு மறுபடியும் வேண்டாம். நீ அன்று மூன்று வாரம் பட்ட பாட்டை நான் ஒரே நாளில் பட்டுவிட்டேன்.

இதுவரைக்கும் எழுதி வைத்திருந்தேன். ஐந்து மணிக்குக் கணக்கப்பிள்ளை வந்தார். “வேண்டாங்க. எனக்கு இதுல பாத்தியதை இல்ல. அவன் சேத்து வச்சது அவனோட போகட்டும்,” என்றேன்.

அவர் குழம்பிப்போனார். “அவருக்குன்னு அவரு கேக்கலயே! எங்க மாப்ளைக்குன்னுதான் சொன்னாரு. ஒங்க கையில கொடுக்கும்போது ஒரே ஒரு வார்த்த சொல்லணும்னாரு. காலையில அவசரத்துல மறந்துட்டேன்.”

“என்ன?”

“அடுப்புப் பக்கம் மட்டும் வச்சிராதீகன்னு.”

உட்கார்ந்துவிட்டேன் மாப்ள. அடுக்களைக் கதவருகில் நின்றிருந்த வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துபோயிற்று.

“நீங்க வண்டிக்குப் போயிருந்தீக,” என்றாள். “கம்ப எடுத்துட்டுப் போலாம்னு அண்ணன் வந்தாக. மொகத்தப் பாத்துப் பொய் சொல்ல எனக்கு வாய் வரல. சாக்க எடுத்துக் கொடுத்துட்டேன். தரையில ஒக்காந்து ஆறு பட்டையையும் அடுக்கி அடுக்கிப் பாத்தாக. கண்ணு கலங்கிருச்சு. அப்புறம் சிரிச்சாக. ‘பத்திரமா இருக்கட்டும்னு வச்சிருக்கான் கிறுக்கன்’னாக. ‘நான் வந்தது தெரிய வேணாம் தங்கச்சி. அவனே சொல்லுவான்’னு சொல்லிட்டுப் போனாக.”

“இத்தன வருசமா ஏன் சொல்லல?”

“அண்ணன் போனப்பெறகு சொன்னா நீங்க தாங்குவீகளா?”

அவனே சொல்லுவான். அதை நம்பித்தான் படியில் காலை வைத்துக்கொண்டு நின்றாயா? டீக்கடையில் நான் ராசா என்றபோது உனக்குத் தெரியும். கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டபோதும் தெரியும். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேனே. நீ என்னவென்றால், எனக்கே ஒரு கம்புக்குச் சொல்லி வைத்துவிட்டு, நான் வாயைத் திறக்கக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

கம்பை வாங்கிக்கொண்டேன். முன்னறையில், அடுக்களைக்கு எதிர்ச் சுவரில், இரண்டு ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். பக்கத்தில் அந்தச் சாக்கை அவிழ்த்து ஆறு பட்டையையும் சேர்த்துக் கட்டி மாட்டினேன். இனிமேல் அதை ஒளிக்கப்போவதில்லை. வருகிற லீவு நாளில் செக்கானூரணிக் கண்மாய்க்குப் போகிறேன். என்ன விழுந்தாலும் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன், விராலானாலும் சரி.

இன்றைக்கும் வண்டியில் யாராவது இறங்கும்போது, வேற என்ன சேதிண்ணே என்றால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். பதில் சொல்லாமல் விசிலைத்தான் எடுப்பேன். அந்தக் கேள்விக்கு நான் உனக்கு ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். அம்மா வெந்நீர் வாங்கப் போயிருக்கிறார் என்றே வைத்துக்கொள்.

ஒன் கம்ப நான்தான் அடுப்புக்கு மேல கட்டுனேன் மாப்ள. பிரிஞ்சு போச்சு.