இடது பக்கத்து நாற்காலி

மார்ச் 3, செவ்வாய்

காது மிஷின் வந்துவிட்டது. ஒன்றல்ல, இரண்டு. இடது காதில் மாட்டுவது அந்தப் பக்கத்துச் சத்தத்தைப் பிடித்து, கம்பியில்லாமல் வலது காதில் இருப்பதற்கு அனுப்பும். ஆக, கேட்கப்போவது பழைய வலது காதுதான். நாற்பத்து மூன்று வருஷமாக ஒண்டியாக மாரடித்த காதுக்கு இன்னும் கொஞ்சம் வேலை.

பொருத்திவிட்ட பெண் சொன்னாள்: "முப்பது நாள் போட்டுப் பாருங்க. பிடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. சத்தம் வரும், திசை வராது."

அக்கா என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"மெதுவாப் பேசினாக்கூட கேக்குமா?"

"பின்ன? அதுக்குத்தானே இது."

"ஓஹோ" என்று சொல்லிவிட்டு பாபினில் நூல் சுற்றப் போய்விட்டாள். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். ஒன்றும் காணோம்.

மார்ச் 4, புதன்

மிஷினோடு கடையில் முதல் நாள். ஜன்னலைப் பார்த்தபடி இரண்டு தையல் மிஷின்கள். வலது நாற்காலி எனக்கு, இடது அக்காவுக்கு. கடை ஆரம்பித்ததிலிருந்து இது மாறியதில்லை. பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்புப் பெருத்தவர்களுக்கு இடுப்பைப் பிரித்துவிடுவது. புதுத்துணி தைப்பதில்லை.

அக்காவின் கத்தரி கிறீச்சிடுகிறது! எத்தனை வருஷமாக இந்தக் கொடுமை நடக்கிறதோ. எண்ணெய் போட்டேன்.

அக்கா நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. வேலை செய்யும்போது அவள் உதடு லேசாக அசைந்துகொண்டே இருக்கும். தையல் எண்ணுகிறாள் என்று விட்டுவிடுவேன். இன்று உதடும் அசையவில்லை. என் காதையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 7, சனி

ஏனோ பழைய டெலிபோன் ஞாபகம்.

ஒன்பது வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பி, பத்து நாளில் வடிந்தது. போகும்போது இடது காதையும் எடுத்துக்கொண்டு போயிற்று. அது யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெளியூரில் வேலையாக இருந்த அப்பா, பக்கத்து வீட்டு டெலிபோனில் கூப்பிட்டார். ரிசீவரை இடது காதில் வைத்தேன். சத்தமே இல்லை. "அப்பா என்கிட்ட பேச மாட்டேங்கறார்" என்று ஓவென்று அழுதேன். அம்மா லைன் கெட்டுவிட்டது என்றாள். அக்காதான் ரிசீவரைப் பிடுங்கி என் வலது காதில் வைத்தாள். அப்பா "அலோ, அலோ, ஏம்மா அழற" என்று கத்திக்கொண்டிருந்தார்.

முதலில் கண்டுபிடித்தவள் அவள். அப்போது பதினாலு வயது. அன்று ராத்திரியிலிருந்து படுக்கையில் என் இடது பக்கம் வந்து படுத்துக்கொண்டாள். "இனிமே பொடிசுக்கு இந்தப் பக்கம் நான்" என்றாள். தெருவிலும் அப்படித்தான். சைக்கிள் வந்தால் முழங்கையில் ஒரு இழு, யாராவது கூப்பிட்டால் இரண்டு தட்டு. அந்த முழங்கைக்கு எவ்வளவு தெரியும்!

மார்ச் 9, திங்கள்

மழை. இடது பக்கம் பெய்ததும் கேட்டது.

மார்ச் 12, வியாழன்

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலையில் தலைக்குக் குளித்தேன். தலையைத் துவட்டி, மிஷினை மாட்டிக்கொண்டு, முடி ஈரமாக இருந்ததால் கட்டாமல் காதை மூட விட்டிருந்தேன். மிஷினின் பெட்டி மூடியபடி அலமாரியில் இருந்தது. அக்கா அந்தப் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உட்கார்ந்து ஒரு பாவாடைக்குக் கையால் ஓரம் அடிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது. நல்ல காதுக்குத் தானாக எட்டியிருக்கவே முடியாத முணுமுணுப்பு.

"அப்பாடா. எத்தனை நாளாச்சு உன்கிட்ட பேசி. பொடிசு, பையன் மறுபடியும் கேட்டான். எனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கானாம். அவன் பொண்டாட்டிக்கு இது ஏழாம் மாசம். போயிடணும்னு இருக்குடி. ஒரேயடியா. எத்தனை வருஷம் இந்த ஜிப்பையே மாத்திட்டு இருக்கறது? ஆனா உன் இடது பக்கம் யார் இருப்பா? 'சித்தியத் தனியா விட்டுட்டு வரமாட்டேன்'னு சொல்லிட்டேன். சொல்லிட்டு பாத்ரூம்ல போய் அழுதேன்."

அப்புறம், அதே மூச்சில், "நேத்து ரசத்துல உப்பு அள்ளிக் கொட்டிட்ட. சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுப்ப."

நான் திரும்பவில்லை. ஜிப்பைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

கோபம் கோபமா வருது. நான் என்ன கைக்குழந்தையா? யார் இருக்கச் சொன்னா? வாயத் திறந்து ஒரு வார்த்தை என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே!

சொன்னாள். நாற்பத்து மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சொன்ன இடம் என் இடது காது.

மார்ச் 16, திங்கள்

பழைய ஆல்பத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். எந்தப் போட்டோவிலும் நான் கோழி மாதிரிக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறேன். என் இடது பக்கம் அக்கா. அவள் கல்யாணப் போட்டோவில்கூட மாப்பிள்ளையை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் நிற்கிறாள், நான் இந்தப் பக்கம். கல்யாணமாகி அடுத்த தெருவில் இருந்தபோதும் காலையில் கடைக்கு வந்துவிடுவாள். அத்தான் போன பிறகு, கடைக்கு மேலே நான் இருக்கும் மாடியறைக்கே வந்துவிட்டாள்.

எனக்குக் காவல் இருக்கிறாள் என்று எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் அவளுக்கும் ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. பரீட்சையில் தோற்றதை, அத்தானோடு போட்ட சண்டையை, அத்தான் போனதை, எல்லாவற்றையும் அங்கேதான் கொட்டியிருப்பாள். அத்தான் செத்து ஒரு மாதத்தில் கடைக்கு வந்து உட்கார்ந்தாளே, கல் மனசு என்று நினைத்தேனே. அன்றும் உதடு அசைந்தது.

இப்போது மிஷினை மாட்டி அந்த இடத்தையும் மூடிவிட்டேன். திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன? பழையபடி ஆகிவிடும். அவள் போகவும் மாட்டாள். எனக்கு வேண்டியதும் அதுதானோ? சீ.

மார்ச் 18, புதன்

பட்டன் கடைக்குத் தனியாகப் போய் வந்தேன். பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும். பாதியில் சைக்கிள் மணி. கேட்டது, நன்றாகவே கேட்டது. ஆனால் வலது காதில் கேட்டதால் வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். சைக்கிள் இடது பக்கமிருந்து வந்து முட்டியை உரசிக்கொண்டு போயிற்று. "வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றான் ஓட்டி வந்தவன். முட்டியில் சிராய்ப்பு. திரும்பி வரும்போது, எங்கே மணியடித்தாலும் முதலில் நின்றேன், பிறகு இரண்டு பக்கமும் பார்த்தேன். பத்து நிமிஷ வழிக்கு அரை மணி ஆனது.

ஆனாலும் வந்து சேர்ந்தேன்.

மார்ச் 21, சனி

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "அக்கா, பிரசவத்துக்கு நீ அங்க இருக்க வேண்டாமா? போயேன். போனா அங்கேயே இரு."

அக்கா கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தாள்.

"உனக்கு யாரு?"

முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினேன். "பட்டன் கடைக்கு யாரு போயிட்டு வந்தா?"

"முட்டியில என்ன?"

"நாற்காலி இடிச்சுது."

அக்கா சோற்றை விரலால் அளைந்தாள். பிறகு தட்டைப் பார்த்தபடி கேட்டாள். "தலைக்குக் குளிச்ச அன்னிக்கு அது பெட்டியிலதானே இருந்துச்சு?"

"பெட்டியிலதான்."

"சரி" என்றாள்.

இன்று ரசத்தில் உப்புக் குறைவு. நான்தான் குறைத்தேன். அவள் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள்.

ஏப்ரல் 2, வியாழன்

முப்பது நாள் முடிந்தது. "பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "பிடிக்கல. ஆனா வேணும்" என்றேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அக்கா கிளம்பிவிட்டாள். ஸ்டேஷனில் நான்கு பெட்டிகளோடு என் இடது பக்கமே நின்றாள். ரயில் வரும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கமிருந்து என்று தெரியவில்லை. முழங்கையில் ஒரு இழு. அழக்கூடாது என்று சபதம் செய்திருந்தேன். ஊரே பார்க்க அழுதேன்.

மே 11, திங்கள்

பேரன் பிறந்திருக்கிறான். அக்கா குரலில் அப்படி ஒரு சிரிப்பு! இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ.

இடது நாற்காலியில் தைக்க வேண்டிய துணிகளைக் குவிக்கப் பார்த்தேன். மனசு வரவில்லை.

ஜூன் 17, புதன்

மத்தியானம் அக்கா போன் செய்தாள். சாப்பிட்டியா, கடை எப்படி, முட்டி எப்படி (தெரிந்தே கேட்கிறாள்). குழந்தை தூங்குகிறான். எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றாள். பிறகு பேச்சில்லை, மூச்சு மட்டும்.

"அக்கா, கொஞ்சம் இரு. மிஷினக் கழட்டிட்டு போனை இடது காதுக்கு மாத்திக்கறேன்."

"எதுக்குடி?"

"சும்மாதான். கையில ஒரு காலர் இருக்கு, தைக்கணும். நீ பேசு. பேசி முடிச்சதும் நீயே வெச்சுடு."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம். பிறகு, "கழட்டிட்டியா?" என்றாள்.

"கழட்டியாச்சு. பெட்டியில வெச்சு மூடியாச்சு."

"நிஜமாவா?"

"இந்தத் தடவை நிஜமா."

போனை இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன், ஒன்பது வயதில் ரிசீவரை வைத்த அதே காது. ஒன்றும் கேட்கவில்லை. போன் மெல்லச் சூடானது மட்டும் கன்னத்தில் தெரிந்தது. காலரைப் பிரித்து, திருப்பி, ஓரம் அடித்தேன்.

கழுத்து வலித்தபோது எடுத்துப் பார்த்தேன். அக்கா வைத்துவிட்டிருந்தாள். இருபத்தாறு நிமிஷம் பேசியிருக்கிறாள்.