இடுப்பில் கட்டிய தோசைக்கல்

இன்று காலை உன் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். கல் காய்ந்ததும் பாதி வெங்காயத்தில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். அந்த வாசனை எழுந்ததும் டெக்சாஸில், பிளானோவில் இருக்கிற இந்தச் சமையலறை மறந்துபோய், அலாஸ்காவின் ஏரிக்கரை வந்து நின்றது. கூடவே நீயும், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

அப்போது நாம் இர்விங்கில் எதிரெதிர் அபார்ட்மெண்ட். ஐந்தாம் மாதத்தில் என் குழந்தை கலைந்துபோன வருஷம். ஊரிலிருந்து போனில் பேசியவர்கள் எல்லாரும் "அடுத்தது நல்லபடியா தங்கும்" என்றார்கள். நீ ஒருத்திதான் அப்படி எதுவும் சொல்லவில்லை. தினமும் ஒரு தோசை சுட்டுக் கொண்டுவருவாய். நான் பாதி தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவேன். வேறு எதுவும் இறங்கவில்லை. எதன் மேலும் ஆசையே இல்லாமல் போயிருந்தது. என் கணவர் சுந்தர் பயந்துபோயிருந்தார். உன் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த ஒருவர் அலாஸ்காவில் இருக்கிற தன் ஏரி வீட்டை ஒரு வாரத்துக்குத் தருகிறேன் என்றதும், என்னைக் கேட்காமலே நாலு பேருக்கும் டிக்கெட் எடுக்க வைத்தவள் நீ.

அந்த வீட்டுக்கு ரோடு கிடையாது. தண்ணீரிலேயே ஓடிக் கிளம்பி, தண்ணீரிலேயே இறங்குகிற குட்டி விமானம்தான். பைலட் பெட்டிகளோடு நம்மையும் எடை போட்டார். "ஏனுங்க, பருத்தி மூட்டையாட்ட நிறுக்கறாரு" என்று உன் வீட்டுக்காரரிடம் சிரித்தாய். எடை கூடுகிறது, எதையாவது விட்டுவிட்டு வாருங்கள் என்றார் பைலட். உன் வீட்டுக்காரர் முதலில் வெளியே எடுத்து வைத்தது தோசைக்கல்லை. நீ ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று போனாய், வந்தாய், ஏறினாய்.

அன்று காற்றே இல்லை. விமானம் ஓடுகிறது, ஓடுகிறது, தண்ணீரை விட்டுக் கிளம்பவே இல்லை. பைலட் திருப்பிக்கொண்டு வந்து கரையில் நிறுத்தி, யார் எதை ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கடுகடுத்தார். எப்போதும் பையில் கூடுதலாக எதையாவது திணிக்கிற சுந்தரைத்தான் எல்லாரும் பார்த்தோம். நீ மெதுவாகக் கோட்டைக் கழற்றினாய். இடுப்பில் துப்பட்டா, துப்பட்டாவுக்குள் தோசைக்கல்.

உன் வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். நீ பைலட்டிடம் என்னைக் காட்டி, "சார், ஸாரி. ஷீ ஈட்ஸ் ஒன்லி திஸ்" என்றாய். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் கொஞ்சம் தணிந்து, அப்படியானால் அந்தக் கல்லின் எடைக்கு மேலேயே வேறு எதையாவது இறக்குங்கள் என்றார். ஆண்கள் இருவரும் ஆசையாக வாங்கி வைத்திருந்த பியர் பெட்டியை நீயே இறக்கி வைத்தாய். நான் சிரித்துவிட்டேன். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அங்கே குளிரில் மாவு புளிக்கவில்லை. விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, கைக்குழந்தை மாதிரி கம்பளியால் போர்த்தினாய். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பதறிப்போய்க் கம்பளியை உருவி எறிந்தாய். "பரவாயில்லடி, போர்த்து" என்றேன். அன்று முதல்முறையாகக் குழந்தையைப் பற்றி உன்னிடம் பேசினேன். ஏரியைப் பார்த்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாய்.

மறுநாள் காலை மாவு பொங்கியிருந்தது. முழுத் தோசையையும் தின்றுவிட்டு, "இன்னொண்ணு போடு" என்றேன். "மாவு கெடக்குது, உக்காரு கண்ணு" என்றாய், திரும்பிப் பார்க்காமல். போட்டுக் கொடுத்ததும் விறகு எடுத்து வருகிறேன் என்று வெளியே போனாய். வெகுநேரம் கழித்து, கையில் விறகில்லாமல், கண் சிவந்து வந்தாய்.

நீ கண்ணை மூடி இரண்டு மாதமாகிறது. உன் மகள் மது லீவு போட்டு என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பெட்டியில் துணிகளுக்கு நடுவே இந்தக் கல்லை வைத்துக் கொண்டுவந்தாள். வந்ததிலிருந்து எதைக் கொடுத்தாலும் "நாட் ஹங்ரி, ஆன்ட்டி" தான். அம்மாவைப் பற்றி ஒரு பேச்சில்லை. நானும் கிளறவில்லை. இன்று தோசை சுடும்போது, உன் அம்மா இதை இடுப்பில் கட்டிக்கொண்டு விமானம் ஏறினாள், தெரியுமா என்று ஆரம்பித்தேன். பியர் பெட்டி வந்த இடத்தில் சிரித்தாள், அப்படியே உன் சிரிப்பு. தட்டு காலியாயிற்று.

"கேன் ஐ ஹேவ் ஒன் மோர்?" என்றாள்.

"மாவு இருக்கு, உட்காரு கண்ணு" என்றேன். போட்டுக் கொடுத்துவிட்டு, கறிவேப்பிலை பறித்து வருகிறேன் என்று பின்பக்கம் போனேன். வெறுங்கையோடுதான் திரும்பி வந்தேன்.