அவஸ்தைப்பூசுதலுக்கு ஆள் வந்தால்

குரங்கணி கோவில் சுவாமியவர்களுக்குப் பெற்றவள் தோத்திரம் சொல்லி எழுதுவது.

கூலியாள் ஒச்சப்பனைக் கங்காணி மிக்கேல் அடித்தே கொன்றதை, வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்று பிரசங்கத்தில் பெயர் சொல்லியே கண்டித்தீர்களாம். ஞானோபதேசப்படி சொல் சரி. பூசையில் ஒருவர் பெயரைச் சொல்வது முறையல்ல.

இன்று காலை அந்தக் கங்காணியே போடிக்கு வந்து என்னிடம் காப்பி வாங்கிக் குடித்தார்.

"ஏன் ஆத்தா, சாகக் கெடக்குறவன் எண்ணெய் பூசக் கூப்பிட்டா, பகையாளின்னாலும் சாமி வருவாரா?"

"எந்த நேரமானாலும் வருவார். அதற்குத்தான் குருவானவர்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"நீங்க சொன்னாச் சரி ஆத்தா. வெரசா மலையேறணும், சோலி கெடக்கு," என்று சிரித்தார். ஏலக்காய் மூட்டையைத் தாமே தோளில் தூக்கிக்கொண்டு போனார். உடம்பில் ஒரு குறையும் இல்லை.

அவர் சாகக் கிடக்கிறார் என்று அவஸ்தைப்பூசுதலுக்கு உங்களைக் கூப்பிட ஆள் வந்தால், போக வேண்டாம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நான் உங்களை அப்படி வளர்க்கவில்லை. உபதேசியாரையும் ஊராரையும் கூட்டிக்கொண்டு, பகலில் போங்கள்.

தனியாகப் போகாதே, அப்பு.

இப்படிக்கு,
உன் ஆத்தா