பிரிவு 9: அவசரத் திறப்பு

6 பிப்ரவரி 2025, வியாழன்

கங்கைகொண்டானில் இன்று மூன்றரை மணி நேரம் கூட்டம். வாசலில் வைக்கப்போகும் பலகையில் எந்த நாட்டின் பெயர் முதலில் வரவேண்டும் என்பதற்கே ஒரு மணி நேரம் போனது. டெல்லியிலிருந்து திரையில் வந்தவர் அகர வரிசை என்றார். எந்த மொழியின் அகர வரிசை என்றார் கொழும்புக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நான் மேசைக்கு அடியில் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இல்லையென்றால் எதையாவது எடுத்துத் திரையில் எறிந்திருப்பேன்.

கேபிள் போட்டுப் பதினொரு மாதம். கங்கைகொண்டானிலிருந்து கடற்கரை, அங்கிருந்து கடலடியில் கொழும்பு. இரண்டு நாட்டுக்கும் பொதுவான இணைய முனையம். எல்லாம் வேலை செய்கிறது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை சோதனை ஓட்டம் மட்டும்தான், வெளியாள் குரல் ஒன்றுகூட அதில் போகக் கூடாது. அதனால் இன்றும் திருநெல்வேலியிலிருந்து புத்தளத்துக்குப் பேசினால் அது சென்னை போய், சிங்கப்பூர் போய், திரும்பி வந்து கொழும்பில் இறங்குகிறது. புத்தளம் எங்களுக்குச் சென்னையை விடப் பக்கம்.

பலகையாம் பலகை.

அஸீலா போய் ஐம்பது நாள்.

8 பிப்ரவரி

அவள் துணிகளை எடுத்து வைக்கவா என்று ராத்தா, என் அக்கா, கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். தெரியவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

புத்தளத்திலிருந்து மாமி பேசினார். அஸீலாவின் உம்மா, என் மாமியார். ஞாயிறுதோறும் அதே கேள்வி.

“மகன், கடைசியா முகம் எப்பிடி இருந்திச்சு?”

தூங்குற மாதிரி இருந்திச்சு மாமி. எட்டாவது தடவையாகச் சொல்கிறேன்.

ஒரு தடவை எழுதிவிடுகிறேன். எழுதினால் விடுகிறதா பார்க்கலாம்.

டெங்கு. நாலே நாள். டிசம்பர் 18 காலையில் போய்விட்டாள். மாமியின் பாஸ்போர்ட் காலாவதியாகி இருந்தது, வர வழியில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவானது. கஃபன் துணி சுற்றி முகத்தை மட்டும் திறந்து வைத்தபோது ராத்தா போனில் வீடியோ போட்டு மாமிக்குக் காட்டினாள். அன்றைக்கென்று கிழக்கே எங்கேயோ கடலடிக் கேபிள் ஒன்றில் பழுது. சிங்கப்பூர் வழி முழுக்க நெரிசல். படம் உறைந்துவிட்டது. உறைந்தது அவள் முகத்தில்கூட இல்லை. ராத்தா போனைத் திருப்பியபோது நடுவில் வந்த மின்விசிறியில். நாற்பது நிமிடம் மாமி ஒரு மின்விசிறியைப் பார்த்து அழுதிருக்கிறார்.

என் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர் தாண்டி என் கேபிள் சும்மா கிடந்தது.

அதைத் திறக்க இந்தப் பக்கம் நான் ஒரு வரி எழுத வேண்டும், அந்தப் பக்கம் ஒருவன் ஒரு வரி எழுத வேண்டும். ஒருவர் மட்டும் எழுதினால் ஒன்றும் ஓடாது. அந்த ஒருவன் பிரணவன், யாழ்ப்பாணத்துக்காரன். கொழும்பு முனையில் என் வேலையை அவன் பார்க்கிறான். 12:40க்குக் கூப்பிட்டேன். கெஞ்சினேன். ஒரு மணி நேரம் போதும், மாமி பார்த்ததும் மூடிவிடலாம் என்றேன்.

“அனுமதிக் கடிதம் இல்லாமல் ஏலாது அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

வைத்துவிட்டேன். அவன் எண்ணை அங்கேயே நின்று தடுத்தேன். அதன் பிறகு எல்லாம் எங்கள் மேலதிகாரி மேடம் வழியாக மெயில்தான்.

எழுதியாச்சு. ஒண்ணும் லேசாகல.

13 பிப்ரவரி

விஜயஸ்ரீ மேடம் அறைக்குக் கூப்பிட்டார். முனையத்தின் தலைமை அவர்தான். சேரன்மகாதேவிக்காரர். கூட்டு விதிகளில் பிரிவு 9ஐ என்னை எழுதச் சொன்னார். தலைப்பு அவசரத் திறப்பு. அவசரம் வந்தால் யார் திறக்கலாம், யாரைக் கேட்டு.

“எழுதுதியளா, இல்ல வேற ஆளப் பார்க்கவா?”

எழுதுகிறேன் என்றேன். அன்றைக்கு நடந்ததை அவரிடம் நான் சொன்னதில்லை.

18 பிப்ரவரி

நான் எழுதியது இதுதான்: பணியில் இருக்கும் இரு பொறியாளர்களும் போனில் ஒப்புக்கொண்டால் ஆறு மணி நேரம் வரை திறக்கலாம். கடிதம் பிறகு.

மேடம் பேனாவை எடுத்தார். “முதல் பத்தியில ‘வெட்கக்கேடு’ன்னு போட்டிருக்கிய. அதை எடுங்க. அவுக அந்த ஒத்தச் சொல்லப் புடிச்சிக்கிட்டு மிச்சத்தப் படிக்கமாட்டாக.”

எடுத்தேன்.

21 பிப்ரவரி

கூட்டுக் குழுவிலிருந்து பதில் வந்துவிட்டது. “இத்தகைய தேவை எழுந்ததற்கு இதுவரை எப்பதிவும் இல்லை. எனவே பிரிவு 9 நீக்கப்படலாம்.”

பதிவு இல்லையாம்லே. பதிவு. மேலப்பாளையத்துல மையவாடில, அவளப் பொதைச்ச எடத்துல இருக்குலே பதிவு. வந்து பாருங்க.

மேடத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மின்விசிறி வரைக்கும். “இம்புட்டையும் மனசுல வச்சிக்கிட்டா பலகைக் கூட்டத்துல உக்காந்திருந்திய?” என்றார். பிறகு கேட்டார்: “கூப்பிட்டேன்னு நீங்க சொல்லுதிய. அந்தப் பையன் இல்லன்னுட்டா? காட்டுததுக்கு என்ன இருக்கு?”

இருக்கிறது. அந்த நேரத்தில் கேபிள் நன்றாக இருந்தது, காலியாக இருந்தது என்பது எங்கள் கருவியின் பதிவேட்டில் இருக்கும். தேடி எடுக்கிறேன். அவன் பெயரையும் சேர்த்தே போடுகிறேன். ஏலாது என்று சொன்னவன் இவன்தான் என்று.

3 மார்ச், திங்கள். இரண்டாம் நோன்பு

காலையிலிருந்து டிசம்பர் 18ஐத் தேடினேன். லுஹர் தொழுகைக்கு முன்னால் கிடைத்தது.

13:05. கொழும்புப் பக்கம் திறந்திருக்கிறது.

மூன்று தடவை படித்தேன். இரண்டு நாட்டுக்கும் ஒரே கடிகாரம், கூட்டிக் கழிக்க ஒன்றுமில்லை. 13:05லிருந்து 18:40 வரை அவன் பக்கம் திறந்தே இருந்திருக்கிறது. கொழும்பிலிருந்து வந்ததையெல்லாம் எங்கள் கருவி உள்ளே விடாமல் தள்ளிவிட்டிருக்கிறது. மறுப்பு, மறுப்பு, மறுப்பு. பக்கம் பக்கமாக அதே சொல். தள்ளிவிட்டது முன்பே நான் எழுதி வைத்த தடை வரி.

அவன் திறந்துவிட்டுக் காத்திருந்திருக்கிறான். அடக்கம் நாலரைக்குத்தான் முடிந்தது. மூணு மணி நேரத்துக்கு மேல இருந்திருக்கு. மூணு மணி நேரம்லே!

ஏன் சொல்லவில்லை? எப்படிச் சொல்லுவான். எண்ணைத்தான் நீ —

நோன்பு திறக்க ராத்தா கஞ்சி ஊற்றி வைத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

5 மார்ச்

தடையை நீக்கினேன். கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

“அண்ணை?”

ஏன் திறந்தாய் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். “மொதல்ல ஏன்டே ஏலாதுன்ன?” என்று கத்தல்தான் வந்தது.

“பயம் அண்ணை.”

“பயம் போக எவ்வளவு நேரமாச்சு?”

“இருபத்தஞ்சு நிமிசம். துறந்து போட்டு உங்களுக்கு நாலு தரம் எடுத்தன். பிறகு விளங்கிச்சுது, தடுத்திட்டியள் எண்டு.”

மெயில் எழுதியிருக்கலாமே என்றேன். “மெயில் எழுதினா அது சாட்சியெல்லே? எனக்கும் வீடு வாசல் இருக்கு.”

இருபத்தைந்து நிமிடம். பதினொரு மாதம் பலகை பேசுகிறவர்களைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவன் பயம் தெளிய இருபத்தைந்து நிமிடம். அதுவரை நான் காத்திருக்கவில்லை.

7 மார்ச்

மேடத்திடம் பதிவேட்டைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இத வச்சா பிரிவு நிக்கும், அம்மார். அந்தப் பையன் நிக்கமாட்டான். விதிய மீறித் தொறந்திருக்கான். நீங்களும்தான், மீறச் சொல்லிக் கேட்டிருக்கிய.”

என்னைப் பற்றிக் கவலையில்லை என்றேன்.

“அவனப் பத்தி?”

நான்கு நாள் முன்னால்வரை அவனைத் தொலைக்கத்தானே தேடினேன்.

8 மார்ச்

பிரணவனிடம் விஷயத்தைச் சொன்னேன். பெயர் போடமாட்டேன், கொழும்பு முனைப் பணியாளர் ஒருவர் என்று போடுகிறேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றேன். யோசிக்க வேணும் என்றான்.

அங்கே பணியாளர்களே இரண்டு பேர்தான். பெயர் போடாவிட்டாலும் தெரியும். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

12 மார்ச்

பதில் இல்லை. கேட்க எனக்கு வாயில்லை.

15 மார்ச்

இல்லை.

அடுத்தவன் சோற்றில் கைவைத்து எழுதுகிற பிரிவு எனக்கு எதுக்கு? வேண்டாம் என்று மேடத்துக்கு ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை.

17 மார்ச்

பிரணவன் கூப்பிட்டான்.

“என்ர மனுசி ஒரு கிழமையா என்னோட ஒழுங்கா கதைக்கேல்ல. இண்டைக்குத்தான் சரியெண்டவ. போடுங்கோ அண்ணை. ஆனா ‘ஒருவர்’ எண்டு போடாதேங்கோ. ஆரோ களவெடுத்தது மாதிரிக் கிடக்கும். பேரைப் போடுங்கோ.”

“வேலை போச்சுன்னா?”

“போனா நான் உங்களை ஏசுவன். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேணும். எண்ணைத் தடுக்கேலாது.”

20 மார்ச்

அனுப்பிவிட்டேன். ஒரு பக்கம் கடிதம், பதினாறு பக்கம் பதிவேடு. அவன் பெயர், என் பெயர், நேரம். எண்ணைத் தடுத்ததையும் எழுதினேன். மேடம் படித்தார். ஒரு சொல்லும் எடுக்கச் சொல்லவில்லை.

31 மார்ச்

பெருநாள். தொழுதுவிட்டு மையவாடிக்குப் போனேன். மண் இறங்கியிருக்கிறது.

8 ஏப்ரல், செவ்வாய்

விசாரணை மாதிரியேதான் கூட்டம். டெல்லிக்காரர் கேட்டார், விதியை மீறும்படி நீங்கள் அடுத்த நாட்டுப் பணியாளரைத் தூண்டினீர்களா? ஆமாம் என்றேன். அதற்காக வருந்துகிறீர்களா? அவன் எண்ணைத் தடுத்ததற்கு வருந்துகிறேன் என்றேன். கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு — “ஐயா, உங்க வீட்டில் யாராவது இறந்தால் கடிதம் வாங்கித்தான் முகத்தைப் பார்ப்பீங்களா?” சொல்லிவிட்டேன். மேடம் என் கால்மேல் மிதித்தார்.

கொழும்புக்காரர், பலகைக்கு ஒரு மணி நேரம் சண்டை போட்ட அதே ஆள், கேட்டார்: “அந்த அம்மா கடைசிவரை பார்க்கவே இல்லையா?”

இல்லை.

அவர் பிரிவு 9ஐ முழுதாக ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். மேடம் வாசித்தார்.

11 ஏப்ரல்

ஒன்றும் தெரியவில்லை.

17 ஏப்ரல், வியாழன்

பிரிவு 9 நிற்கிறது. ஆறு மணி நேரத்தை இரண்டு மணி நேரமாக வெட்டியிருக்கிறார்கள். இரண்டு பொறியாளர்கள், ஒரு போன், கடிதம் பிறகு. கையெழுத்து அடுத்த மாதம். பலகை இன்னும் முடிவாகவில்லையாம்.

முனையப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இனி கணினிகளை எண்ணும் வேலை, பக்கத்துக் கட்டடத்தில். “கொஞ்ச நாள் பைய இரிங்க, பாத்துக்கிடலாம்” என்றார் மேடம். பிரணவனுக்குச் சம்பள உயர்வு ஒரு வருடம் நிறுத்தம். வேலை போகவில்லை.

சாயங்காலம் அவன் கூப்பிட்டான். சொன்னபடி ஏசித் தீர்த்தான், கெட்ட வார்த்தைகள் சிலவற்றை நான் இதுவரை கேட்டதே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு, “உங்கட மனுசி எப்பிடிப்பட்ட ஆள் அண்ணை?” என்றான்.

இந்த நாலு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. எப்படிப் போனாள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்றால் அவளுக்கு உயிர், எண்ணெயில் பொரிக்க விடமாட்டாள், அடுப்புத் தீயில் காட்டித்தான் சுடுவாள், கருகினதை என் தட்டில் போட்டுவிட்டு நல்லதை எடுத்துக்கொண்டு, ‘இது உங்களுக்குத்தான் பிடிக்கும்’ என்று சொல்லுவாள் என்றேன்.

“பெரிய கள்ளியாக்கும்” என்றான்.

“பெருங்கள்ளி வே. இன்னொண்ணு கேளு” என்றேன்.